ஒரு மானுக்கு எத்தனை சிப்பி?

ஜெஃப் பெய்லி என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் 1970களில் ஒரு கணக்குப் போட்டார். ஒரு செம்மானை அடித்துக் கொண்டுவந்தால் கிடைக்கிற உணவுச் சக்தியைச் சிப்பியில் இருந்து பெறுவதென்றால் எத்தனை சிப்பி உடைக்க வேண்டும்? 52,267. சிப்பியை விட்டு மட்டிக்குப் போனால் 156,800. ஐரோப்பியக் கரைகளில் மேடு மேடாகக் கிடக்கும் பழைய ஓட்டுக் குவியல்களைப் பார்த்துவிட்டு, ஆதிமனிதன் கடலைத் தின்றே காலம் கழித்தான் என்று சொல்லித் திரிந்தவர்களை அடக்க அந்தக் கணக்கு உதவியது. கணக்கில் பிழையில்லை. மட்டியில் ஓடுதான் கூட, சதை கொஞ்சம். மானின் எலும்பை நாய் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டை ஒருவரும் தொடமாட்டார்கள். குவியலின் பருமனைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது சரிதான்.

ஆனால் பலர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னொரு படி போனார்கள். அப்படியென்றால் மட்டியும் சிப்பியும் வேறு வழியில்லாதவனின் சாப்பாடு, வேட்டை கிடைக்காத நாளில் கரையில் குனிந்து பொறுக்கியது, அவ்வளவுதான் என்றார்கள். இந்த இடத்தில்தான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை.

இதே நினைப்பு எங்கள் ஊரிலும் உண்டு. யாழ்ப்பாணத்து மீன் சந்தைக்குப் போனால் தெரியும், கடல் உணவுக்குள் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று. விளைமீன், பாரை, சீலா எல்லாம் மேல்தட்டில். நண்டுக்கும் இறாலுக்கும் வெளிநாட்டு விலை. சுறா, பிள்ளை பெற்றவளுக்கு வறை என்ற மரியாதையோடு வரும். சூடையும் திரளியும் வாழ்க்கைக்கு. மட்டியோ அந்தப் பலகைகளில் அனேகமாக இருக்காது. குடாக்கடல் ஓரத்துச் சில ஊர்களில், தீவுப்பகுதியில், தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் "ஐயோ, அதையும் தின்னுவினமோ" என்று மூக்கைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்புக்குள் சாதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பொய் ஆகிவிடும். படகு ஏறிக் கடலுக்குப் போகிறவருக்காவது ஒரு வீரம் ஒட்டிக்கொள்ளும். சேற்றில் இறங்கி மட்டி எடுக்கிற பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

வேலணையில் பழைய சிப்பிக் குவியல் கிடைத்த செய்தி எனக்கு இனித்ததற்கு இதுதான் காரணம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து வேலணைத் தீவில் அந்தக் குவியலை அகழ்ந்து, அதற்கு 3,400 ஆண்டுகளுக்கு மேல் வயது என்று கணித்திருக்கிறார்கள். குடாநாட்டின் பழைய குடியிருப்புகள் என்று நாங்கள் சொல்லும் ஆனைக்கோட்டைக்கு முந்தியது, கந்தரோடைக்கு முந்தியது, இந்தப் பக்கம் இரும்பு வருவதற்கே முந்தியது. எங்களுடைய சரித்திரப் பேச்செல்லாம் இதுவரை கந்தரோடை நாணயத்தில் தொடங்கும், அல்லது 1980இல் ஆனைக்கோட்டையில் எலும்புக்கூட்டோடு கிடைத்த முத்திரையில் தொடங்கும், பிறகு நேரே யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியனிடம் போய் நிற்கும். அரசன் இல்லாத, எழுத்து இல்லாத, பானைகூட இல்லாமல் இருந்திருக்கக்கூடிய ஆட்கள் இந்தக் கரையில் மட்டியைச் சுட்டுத் தின்று ஓட்டை எறிந்திருக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சுக்குள் எங்கேயும் பொருந்தாது. ஆகவே பெரிதாக ஒருவரும் கதைக்கவில்லை.

வேலணையில் எனக்குச் சுவையாகப் பட்டது கல். குடாநாடும் தீவுகளும் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினால் தெரியும், கொஞ்சம் மண், பிறகு கல், அதற்குள் தண்ணீர். அந்தக் கல்லைத் தட்டினால் மாவாகும், உடையும், ஆனால் கத்தி போன்ற விளிம்பு வராது. கூரான ஆயுதத்துக்குப் படிகக்கல்லோ தீக்கல் வகையோ வேண்டும். அது கிடைக்க வன்னிப் பெருநிலப் பக்கம் போகவேண்டும். வேலணைக்காரர் அப்படியான கல்லைப் பெருநிலத்தில் இருந்து கொண்டுவந்து பாவித்திருக்கிறார்கள். கல் இல்லாத இடம், நல்ல தண்ணீருக்கும் பாடு. இன்றைக்கும் தீவுப்பகுதிக்குப் பவுசரில் தண்ணீர் போகிறது. அப்படி ஒரு இடத்துக்கு, சுமந்து கொண்டுவந்த கல்லோடு வந்து குந்தியவர்களை வேறு வழியில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? கல்லுக்காக நடக்கத் தயாராக இருந்தவர்கள் மான் இருக்கிற காட்டிலேயே இருந்திருக்கலாம். கரையில் ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

சரி, ஓட்டுக் குவியலைப் பார்த்தவுடன் மனிதன் போட்டது என்று எப்படித் தெரியும்? எங்கள் கரையோரக் காணிகளில் தோண்டினால் ஊரி என்ற கடல்நத்தை ஓடும் மட்டியோடும் தானாக வரும். கடல் ஏறி இறங்கிய நிலம் இது. அத்திவாரம் வெட்டும்போது வெள்ளையாக ஒரு படை வந்தால் மேசன்மார் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். இந்தச் சண்டை டென்மார்க்கில் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் முன்பே நடந்து முடிந்தது. அங்கேயும் கரையோரம் பெரிய சிப்பி மேடுகள். கடல் ஒதுக்கிய பழைய கரை என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1848இல் ஸ்டீன்ஸ்ட்ரப், வோர்சே, ஃபோர்க்ஹாம்மர் என்ற மூன்று பேரை, ஒருவர் விலங்கியல், ஒருவர் தொல்லியல், ஒருவர் நிலவியல், ஒரு குழுவாகப் போட்டார்கள். அவர்கள் கண்டது எளிய விசயம். கடல் ஒதுக்கிய படையில் குஞ்சும் குருமனும் கிழடும் எல்லாம் கலந்து கிடக்கும். இந்த மேடுகளிலோ நன்றாக வளர்ந்த சிப்பிகள்தான் கூடுதல். பொறுக்கியவர் தெரிந்து பொறுக்கியிருக்கிறார். ஒரே இடத்தில் சேர்ந்து வாழாத இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இடையிடையே கரி, உடைத்த எலும்பு, தீக்கல் ஆயுதம். கடல் கரி போடாது.

இன்று அந்தச் சோதனை இன்னும் நுணுக்கமாகிவிட்டது. மட்டி ஓடு மரம்போல வளையம் வளையமாக வளரும். ஓரத்தில் உள்ள கடைசிப் படையைச் சுரண்டி அதிலுள்ள ஒட்சிசனின் இரண்டு வகைகளின் விகிதத்தைப் பார்த்தால், அது செத்த நேரம் கடல் சூடாக இருந்ததா குளிராக இருந்ததா என்று சொல்லலாம். அதாவது எந்தப் பருவத்தில் பொறுக்கினார்கள் என்று தெரியும். ஓடு நெருப்பில் விழுந்திருந்தால் அதன் படிக அமைப்பு மாறியிருக்கும், அதையும் கண்டுபிடிக்கலாம். காபன் கணிப்பில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. கடல் நீரில் பழைய காபன் கலந்திருப்பதால் கடல் ஓடு தன் வயதைச் சில நூறு வருடம் கூட்டிச் சொல்லும். அதைக் கழித்துத்தான் கணக்கெடுக்க வேண்டும். அதே படையில் கரித்துண்டு கிடைத்தால் நிம்மதி.

கவலை என்னவென்றால், ஓட்டுக்கு விலை உண்டு. சுண்ணாம்பு சுடலாம், கோழித்தீனுக்குப் போடலாம். பிரேசில் கரையில் இருந்த பிரமாண்டமான மேடுகளைக் குடியேற்றக்காரர் வெட்டிச் சூளைக்குக் கொண்டுபோனார்கள். சான் பிரான்சிஸ்கோ குடாவின் எமரிவில் மேட்டை 1924இல் தரைமட்டமாக்கித் தொழிற்சாலை கட்டினார்கள். எங்களுடைய கரைகளில் எத்தனை மேடு வெற்றிலைத் தட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் போயிருக்குமோ தெரியாது. எனக்கு அதில் கோபம்கூட வரவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டும்தானே.

இனி அந்தப் பொறுக்குகிற வேலைக்கு வருகிறேன். எங்கள் அம்மம்மா தீவுப்பகுதி. அவவோடு அல்லைப்பிட்டிப் பக்கம் குடாக்கடலில் இறங்கிய நாட்கள் எனக்கு நல்ல நினைவு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீர் தாழ்ந்து, கரையில் இருந்து நெடுந்தூரம் கணுக்கால் அளவே கிடக்கும். எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் அரை மீற்றர் சொச்சம்தான், ஆனால் தரை தட்டையானதால் கொஞ்சம் இறங்கினாலே பெரிய வெளி தெரியும். நான் போனவுடனே குனிந்து கையால் கிண்டத் தொடங்குவேன். அம்மம்மா ஒரு சத்தம் போடுவா:

"மோனை, சேத்தைக் கலக்காதை. கலக்கினா ஒண்டும் தெரியாது. காலாலை தடவிப் பார். முட்டினா நில்."

கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஒரு கண் இருக்கிறது என்பது அங்கே இறங்கினால்தான் விளங்கும். மேலே மணல், அதற்குக் கீழே வழுவழுவென்று கறுப்புச் சேறு, அதற்குள் உருண்டையாக, வரியோடு ஒன்று தட்டுப்படும். ஊரி என்றால் கூராகக் குத்தும். செத்த ஓடு என்றால் எளிதாகப் புரளும், பாரம் இருக்காது. உயிரோடு இருப்பது கொஞ்சம் எதிர்க்கும். தண்ணீர் தெளிந்திருந்தால் சேற்றில் இரண்டு சின்ன ஓட்டைகள் தெரியும், மட்டி மூச்சுவிடுகிற வாய் அது. அம்மம்மா நடந்துகொண்டே, என்னோடு கதைத்துக்கொண்டே, ஓட்டையைப் பார்த்துக் குதிக்காலை ஊன்றித் திருப்பி எடுத்துப் பனையோலைப் பெட்டிக்குள் போடுவா. நான் ஒன்று எடுப்பதற்குள் அவவின் பெட்டியில் ஒரு கை நிறைந்திருக்கும். சின்னது வந்தால் திரும்பப் போடவேண்டும். "சின்னனை விடு, அது வாற வருசத்துக்கு."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சமைக்க முடியாது. ஒரு இரவு கடல் தண்ணீரில் வைத்தால் வயிற்றில் உள்ள மணலைத் துப்பும். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு செத்துப்போகும், மணலும் உள்ளேயே இருக்கும். விடிய அடுப்பில் வைத்து ஒரு கொதி. வாய் திறந்ததை எடுத்து, திறக்காததை எறிந்துவிட வேண்டும். சதையைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூப் போட்டு வறை. அவித்த தண்ணீர் ஒடியல் கூழுக்குப் போகும். நண்டும் கணவாயும் போடுகிற கூழுக்கு அந்தத் தண்ணீர் ஒரு அடிச்சுவை கொடுக்கும், வேறு எதுவும் அதைக் கொடுக்காது. இது என்னுடைய தனிப்பட்ட கருத்து, எங்கள் வீட்டிலேயே எதிர்க்கட்சி உண்டு.

அம்மம்மாவின் அந்தச் "சின்னனை விடு" தொல்லியலில் பெரிய விசயம். தென்னாபிரிக்கக் கரைகளில் பல்லாயிரம் ஆண்டு வித்தியாசமுள்ள குவியல்களை ஒப்பிட்டபோது, மிகப் பழைய குவியல்களில் பாறையில் ஒட்டும் சிப்பிகள் பெரிதாகவும், பிந்தியவற்றில் சிறிதாகவும் இருப்பதைக் கண்டார்கள். ஆட்கள் கூடக் கூட, வளர விடாமல் பொறுக்கியிருக்கிறார்கள் என்பது ரிச்சர்ட் கிளைன் போன்ற தொல்லியலாளர்கள் சொல்லும் விளக்கம். ஓட்டை அளந்தே சனத்தொகையைப் பற்றிக் கதைக்கலாம் என்பது கெட்டித்தனமான வேலைதான்.

சரி, பெய்லியின் மானுக்குப் பதில் யாரிடம் இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை பெற்றி மீஹன் என்ற பெண்ணிடம். அவர் 1972–73இல் வட அவுஸ்திரேலியாவில், பிளைத் ஆற்று முகத்துவாரத்தில், அன்பரா என்ற பழங்குடி மக்களோடு இருந்து அவர்கள் என்ன பொறுக்குகிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள் என்று நிறுத்துப் பார்த்து எழுதினார். மொத்த உணவுச் சக்தியில் மட்டி வகைகளின் பங்கு சின்னதுதான். பெய்லி சொன்னதுக்கு ஒத்துவருகிறது. ஆனால் மட்டி பொறுக்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அரிது. வேட்டைக்குப் போனவர்கள் பல நாள் வெறுங்கையோடு வருவார்கள். மட்டி ஓடாது, பறக்காது, நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள், கூடப் பிள்ளைகள், வயதானவர்கள். ஒரு சில மணி நேர வேலை. மீஹன் கவனித்த இன்னொன்று, பலதைக் கரையிலேயே நெருப்பு மூட்டிச் சுட்டுத் தின்றுவிட்டு ஓட்டை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுப் பக்கக் குவியலில் வந்து சேர்வது மிச்சம் மட்டும்தான். ஆக, குவியலைப் பார்த்துக் கூட மதிப்பிடுகிறோம் என்று பயந்தவர்கள், குறைத்தும் மதிப்பிட்டிருக்கலாம்.

வருடத்துக்கு எத்தனை கலோரி என்று கேட்டால் மான் வெல்லும். இன்று பின்னேரம் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று கேட்டால் மட்டி வெல்லும். தொல்லியலில் ஆண்கள் எழுதிய காலம் நீண்டது, அவர்களுக்கு முதல் கேள்விதான் கேள்வியாகப் பட்டிருக்கிறது.

எங்களுக்கு இது ஏட்டுப் பாடமும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, ஆழ்கடலுக்குப் படகு இறக்க முடியாது, எரிபொருளும் கிடையாது. கரையோரம் நடந்து எடுக்கக்கூடியதுதான் கறி. அதுவரை மட்டியைக் கண்டு முகம் சுளித்த வீடுகளிலும் அது வந்துபோனது. தடை நீங்கியவுடன் முகச்சுளிப்பும் திரும்பி வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தக் கதை எவ்வளவு பின்னுக்குப் போகிறது? தென்னாபிரிக்காவின் மொசெல் குடாவுக்கு அருகே, பினக்கிள் பொயின்ற் என்ற செங்குத்துப் பாறையில் ஒரு குகை. கேர்ட்டிஸ் மரியனும் அவருடைய குழுவும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய 164,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் கடற்சிப்பி கொண்டுவந்து தின்றிருக்கிறார்கள். கூடவே காவிக்கல், சின்னக் கல் அலகுகள். உலகம் குளிர்ந்து, உள்நாடு காய்ந்து போயிருந்த காலம் அது. அப்போது கடல் குகை வாசலில் இல்லை, சில கிலோமீற்றர் தள்ளி இருந்தது. ஆகவே சும்மா உலாப்போய்ப் பொறுக்கியிருக்க முடியாது. அந்தக் கடலில் அலை பொல்லாதது. பாறை நன்றாக வெளியே தெரிவது அமாவாசையும் பறுவமும் ஒட்டிய நாட்களில், அதுவும் ஒரு சில மணி நேரம். மரியன் சொல்வது, அவர்கள் நிலாவைப் பார்த்து நாள் குறித்துத்தான் போயிருக்க வேண்டும் என்று. நிரூபிக்க முடியாத ஊகம்தான். ஆனால் குருநகரிலோ பாசையூரிலோ எந்தத் தொழிலாளியிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், "இதுக்கு ஆராய்ச்சி வேணுமோ" என்பார்.

இது இன்றைய மனித இனத்தின் தனிச்சொத்து என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஐரோப்பாவில் வாழ்ந்து அழிந்துபோன இன்னொரு மனித வகையான நியண்டர்தால் மனிதன் பனிக்காட்டில் மாமிசம் தின்னி, கடல் அவனுக்குத் தெரியாது என்று. அதுவும் உடைந்துவிட்டது. தென் ஸ்பெயினின் பஹொண்டியோ குகையில் சுமார் 150,000 ஆண்டு பழைய சிப்பி ஓடுகள், நியண்டர்தால்கள் தின்றவை. போர்த்துக்கலின் ஃபிகெய்ரா பிராவா குகையில் நண்டு, மீன், விலாங்கு, சுறா, கடல்நாய் எல்லாம், 86,000 முதல் 106,000 ஆண்டுகளுக்கு முன். கிட்டத்தட்ட எங்களுடைய கூழ்ச் சட்டி. இத்தாலியின் மொசெரினி குகை இன்னும் சுவாரசியம். அங்கே சிப்பி ஓட்டைத் தட்டிக் கூர்மையாக்கிக் கருவியாகப் பாவித்திருக்கிறார்கள். 171 கருவிகள். அவற்றில் கிட்டத்தட்டக் கால்வாசி, கரையில் ஒதுங்கிய செத்த ஓட்டில் செய்தவை அல்ல, கடலடியில் உயிரோடு எடுத்த சிப்பியில் செய்தவை. ஓட்டின் பளபளப்பே காட்டிக்கொடுக்கிறது, அலையில் உருண்டது மங்கிப்போயிருக்கும். அப்படியென்றால் தண்ணீருக்குள் இறங்கி, முழுகியும் எடுத்திருக்கிறார்கள். நியண்டர்தால் மண்டையோடுகளில் காதுத் துவாரத்தில் எலும்பு வளர்ந்திருப்பதும் பரவலாகத் தெரிகிறது. குளிர்ந்த நீரிலும் காற்றிலும் காது அடிக்கடி நனைகிறவர்களுக்கு வருவது அது. எங்கள் சங்கு குளிப்பவர்களின் காதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு தியரி வந்து நிற்கும். மீனிலும் மட்டியிலும் உள்ள டிஎச்ஏ என்ற கொழுப்பும் அயடினும்தான் மனித மூளையைப் பெருப்பித்தன, கடற்கரைதான் எங்களை மனிதராக்கியது என்று மைக்கேல் குரோஃபர்ட், ஸ்டீபன் கன்னேன் போன்றவர்கள் வாதாடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், அதுவும் மீன் தின்கிற ஊர்க்காரருக்கு. எனக்கு நம்பிக்கை குறைவு. மூளை பெருக்கத் தொடங்கியது கடற்கரைச் சான்றுகளுக்கு எவ்வளவோ முன்பு. கென்யாவின் துர்க்கானா ஏரிப் பக்கம் 19 இலட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மீனும் ஆமையும் முதலையும் வெட்டித் தின்ற தடயம் உண்டு, அது நன்னீர். கடல் எங்களைப் புத்திசாலியாக்கியதா, புத்தி வந்தபின் கடலைப் பாவித்தோமா என்ற கேள்விக்கு ஒரு போத்தல் மீனெண்ணெய் விற்கிறவர் சொல்கிற பதில் வேறு, குகையில் கரி பொறுக்குகிறவர் சொல்கிற பதில் வேறு. நாளாந்த நிச்சயம் என்ற சின்ன விளக்கமே எனக்குப் போதும்.

எங்கள் தீவின் பழைய சான்றுகள் பெரும்பாலும் தெற்கிலும் ஈரவலயக் குகைகளிலும். பாஹியன் குகையில் ஏறக்குறைய 48,000 ஆண்டுக்கு முன்பே வில் அம்பு கொண்டு குரங்கும் அணிலும் வேட்டையாடினார்கள். பத்தடொம்பலேனவில் மரநத்தையும் ஆற்று நத்தையும் மூட்டை மூட்டையாகத் தின்றிருக்கிறார்கள். ஆக, ஓட்டுக்குள் இருப்பதைத் தின்ன யாரும் வெட்கப்படவில்லை. கடலில் இருந்து தள்ளியிருந்த அந்தக் காட்டுக் குகைகளுக்குள்ளும் கடற்சிப்பியில் செய்த மணிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. கரையில் ஆட்கள் இருந்தார்கள், கைமாறியது. அம்பாந்தோட்டைப் பக்கம் மினிஅத்திலிய, பல்லேமலல என்ற இடங்களில் ஏறத்தாழ 4,000 ஆண்டு பழைய சிப்பிக் குவியல்கள், அவற்றுக்குள்ளேயே இறந்தவர்களையும் புதைத்திருக்கிறார்கள். அங்கே பூந்தல, பத்திராஜவெல போன்ற இடங்களில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல அகழ்ந்த, இவற்றைவிட மிகப் பழைய கல்லாயுதங்கள் கிடந்த மண் படைக்கு நிலவியலில் என்ன பெயர் தெரியுமா? இரணைமடுப் படிவு. எங்கள் கிளிநொச்சி இரணைமடுவின் செம்மண்ணை வைத்து வந்த பெயர். பெயர் எங்களுடையது, தோண்டியது அங்கே. முப்பது வருடம் இங்கே மண்ணைத் தோண்டியது பங்கருக்கு.

ஆனால் வடக்கில் பழையது குறைவாகத் தெரிவதற்குப் போர் மட்டும் காரணமில்லை. கடல்தான் பெரிய காரணம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி உச்சத்தில் இருந்தபோது, உலகக் கடல் மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு கீழே. பாக்கு நீரிணை அப்போது கடலே இல்லை. அதன் பெரும்பகுதிக்கு இன்றும் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான். நெடுந்தீவும் வேலணையும் இராமேஸ்வரமும் ஒரே சமவெளியில் சின்ன மேடுகள். அந்தக் காலத்தில் வேலணைக்காரர் மட்டி பொறுக்கப் போனால் நாட்கணக்கில் நடக்க வேண்டியிருந்திருக்கும். பிறகு பனி உருகி, கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தனித் தீவானது. கடல் ஏற ஏறக் கரையும் பின்வாங்கியது, கரையோடு ஆட்களும். அவர்கள் விட்டுவந்த அடுப்பும் ஓட்டுக் குவியலும் எல்லாம் நீருக்கடியில். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலில் நுண்கல் ஆயுதங்கள் பொறுக்கி, சோய்னர், ஓல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இலேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கரையில் ஆட்கள், இந்தக் கரையில் ஆட்கள், நடுவில் இருந்த சமவெளியில் மட்டும் யாரும் இல்லை என்று நினைக்கக் காரணம் இல்லை.

ஐரோப்பாவின் வட கடலில் இப்படி மூழ்கிய நிலத்தைக் கண்டுபிடித்ததில் மீன்பிடிக்காரருக்குப் பங்கு உண்டு. 1931இல் கொலிண்டா என்ற இங்கிலாந்து இழுவைப்படகின் வலையில் ஒரு கரிமண் கட்டி வந்தது. உடைத்தால் உள்ளே மான் கொம்பில் செய்த முள் ஈட்டி. மூழ்கிய அந்தச் சமவெளியில் மனிதர் திரிந்தார்கள் என்று எல்லோரும் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகு. எங்கள் பாக்கு நீரிணையின் அடித்தளத்தை இழுவைப்படகுகள் எத்தனையோ வருடமாக உழுகின்றன. இலங்கை 2017இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடை செய்தது. அக்கரைப் படகுகள் இன்னும் வருகின்றன. மீன்குஞ்சும் கடற்புல்லும் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். அந்தத் தரையோடு சேர்ந்து வேறு என்ன அள்ளுப்பட்டுப் போகிறது என்று கேட்க ஆளில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். குருநகர்ப் பக்கம் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம், வலைக்குள் கல், எலும்பு, கரி போல ஏதும் வருமா என்றேன். நிமிராமலே சொன்னார்:

"கல்லு வரும் பிள்ளை, ஏன் வராது. வந்தா வலை கிழியும். கிழிஞ்ச வலையைப் பாக்கிறதோ, கல்லைப் பாக்கிறதோ? எடுத்துத் திரும்பக் கடலுக்கை எறியிறதுதான்."

அடுத்தமுறை எறியாமல் கொண்டுவந்து காட்டுங்கோ ஐயா என்றேன். ஊசியை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார்.

"கொண்டுவாறன். வலைக்காசு நீர் தருவீரோ?"